லிப்பிட் நானோ துகள் தயாரிப்பில் உண்மையில் எது கடினம்?

மருந்தாக்கவியல் முதுகலை மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு எழுதும் பதில் இது. அவர் கேட்டதன் சாரம்: ஆர்என்ஏ மருந்துகளைச் சுமந்து செல்லும் லிப்பிட் நானோ துகள்களைத் தயாரிப்பது என்பது, நான்கு லிப்பிட்டுகளை (கொழுப்பு வகை மூலக்கூறுகளை) எத்தனாலில் கரைத்து, ஆர்என்ஏ உள்ள அமிலத் தாங்கல் கரைசலோடு (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலோடு) வேகமாகக் கலப்பதுதான் என்று பாடங்களில் இருக்கிறது, அவ்வளவு எளிய வேலை என்றால், 2021இல் உலகமே தடுப்பூசிக்குக் காத்திருந்தபோது ஏன் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளால் மட்டுமே அதைச் செய்ய முடிந்தது?

பாடங்களில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவை வேலையின் ஒரு கணத்தை மட்டுமே விவரிக்கின்றன. கலத்தல் சில மில்லிவிநாடிகளில் முடிந்துவிடுகிறது. துகள் அத்துடன் முழுமையடைந்துவிடுவதில்லை. கலப்பதற்கு முன்னால் லிப்பிட்டுகளின் தூய்மையும், கலந்த பின்னால் அமிலத்தன்மையை மாற்றி, எத்தனாலை நீக்கி, செறிவாக்கி, வடிகட்டி, உறையவைக்கும் படிகளும்தான் மருந்தின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்பது இத்துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து. கலக்கும் கருவியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். மற்றப் படிகளுக்கான நிலைமைகளை ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகக் கண்டறிந்தே தீர வேண்டும்.

முதலில் அந்த நான்கு பொருள்களைப் பார்த்துவிடலாம். ஒரு மரபணுவின் புரத உற்பத்தியை அடக்கும் குறுக்கீட்டு ஆர்என்ஏ (எஸ்ஐஆர்என்ஏ) வகையில் சந்தைக்கு வந்த முதல் மருந்தான ஆன்பாட்ரோவை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஆகஸ்டில் அனுமதித்தது. டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் பிறழ்ந்து நரம்புகளில் படியும் பரம்பரை நோய்க்காக அல்நைலம் நிறுவனம் உருவாக்கிய அந்த மருந்தில், எம்சி3 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அயனியாகும் லிப்பிட், டிஎஸ்பிசி என்ற பாஸ்போலிப்பிட், கொலஸ்டிரால், பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலி இணைந்த பெக்-லிப்பிட் ஆகியவை மோல் கணக்கில் 50 : 10 : 38.5 : 1.5 என்ற விகிதத்தில் உள்ளன. மாடர்னாவின் கோவிட் தடுப்பூசியில் எம்சி3க்குப் பதிலாக எஸ்எம்-102 இருக்கிறது, விகிதம் அதேதான். பைசர்–பயோஎன்டெக் தடுப்பூசியில் அயனியாகும் லிப்பிட்டின் பெயர் ஏஎல்சி-0315. அதன் விகிதம் 46.3 : 9.4 : 42.7 : 1.6. மூன்றும் ஏறத்தாழ ஒரே வாய்பாடு என்பதையும், இவை யாவும் வெளிப்படையாக அச்சில் கிடைக்கின்றன என்பதையும் கவனியுங்கள். இரகசியம் விகிதத்தில் இல்லை.

இந்த நான்கில் அயனியாகும் லிப்பிட்டே மையமானது. அதன் தலைப்பகுதியில் உள்ள மூன்றாம்நிலை அமீன், சூழல் அமிலமாக இருக்கும்போது புரோட்டானை ஏற்று நேர்மின்னேற்றம் பெறும். நடுநிலையில் மின்னேற்றத்தை இழக்கும். துகளுக்குள் அமைந்த நிலையில் அதன் பிகேஏ மதிப்பு (மூலக்கூறுகளில் பாதி மின்னேற்றம் பெற்றிருக்கும் பிஎச்) 6க்கும் 7க்கும் இடையில் இருக்குமாறு மூலக்கூறை வடிவமைக்கிறார்கள். எம்சி3க்கு அது 6.44. பிஎச் 4இல் கலக்கும்போது அது நேர்மின்னேற்றத்தோடு ஆர்என்ஏவின் எதிர்மின்னேற்ற பாஸ்பேட்டுகளைப் பற்றிக்கொள்கிறது. இரத்தத்தின் பிஎச் 7.4இல் நடுநிலையாகி, நிலையான நேர்மின் லிப்பிட்டுகளுக்கு உள்ள நச்சுத்தன்மையைத் தவிர்க்கிறது. செல் துகளை உள்ளிழுத்து வைக்கும் எண்டோசோம் பை அமிலமாகும்போது மீண்டும் மின்னேற்றம் பெற்று அதன் சவ்வைக் குலைக்கிறது. அப்படியும் எண்டோசோமை விட்டு வெளியே தப்புவது மிகக் குறைவு: எம்சி3 துகள்களில் ஏற்றிய எஸ்ஐஆர்என்ஏவில் 1 முதல் 2 சதவீதமே செல்லின் உட்திரவத்தை அடைகிறது என்று 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இவ்வளவு சிறு பங்கை நம்பி இயங்கும் மருந்தில், தயாரிப்பில் ஏற்படும் சிறு குறையும் பெரிதாகத் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இப்போது கலக்கும் கணம். எத்தனாலில் கரைந்திருக்கும் லிப்பிட், தண்ணீரைச் சந்தித்ததும் கரைதிறனை இழந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகிறது. இந்த ஒட்டும் வேகத்தைவிடக் கலக்கும் வேகம் அதிகமாக இருந்தால், கரைசலின் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் துகள்கள் பிறக்கும். அளவு சிறிதாகவும் சீராகவும் வரும். கலக்கும் வேகம் குறைந்தால், ஓரிடத்தில் எத்தனால் மிகுந்தும் மற்றோரிடத்தில் நீர் மிகுந்தும் இருக்க, துகள்கள் பலவித அளவில் பிறக்கும். கூழுக்கு மாவைக் கரைக்காமல் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டுவதும் இதே காரணத்தால்தான்; கட்டி தட்டிய பிறகு எவ்வளவு கிண்டினாலும் பயனில்லை.

வேகமாகக் கலப்பது என்றால் எவ்வளவு வேகம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சிறு மூலக்கூறு ஒன்று நீரில் பரவும் கெழு விநாடிக்குச் சுமார் 10இன் அடுக்கு மைனஸ் 9 சதுர மீட்டர். பரவ வேண்டிய தூரத்தின் இருமடியை இந்தக் கெழுவால் வகுத்தால் ஆகும் நேரம் கிடைக்கும். தூரம் 100 மைக்ரோமீட்டர் என்றால் 10 விநாடி. 10 மைக்ரோமீட்டர் என்றால் 0.1 விநாடி; 1 மைக்ரோமீட்டர் என்றால் 1 மில்லிவிநாடி. ஆகவே, இரு திரவங்களையும் ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலங்களாக மடித்து மடித்து அடுக்கிவிட்டால் போதும், மீதியைப் பரவலே முடித்துவிடும். நுண்பாய்மச் சில்லுகளில் தரைப்பகுதியில் மீன்முள் போன்ற சாய்வு வரிப்பள்ளங்களை வெட்டுவது இதற்காகத்தான். பெரிய கருவிகளில் அதையே வேறு வழியில் செய்கிறார்கள்: இரு தாரைகளை எதிரெதிராக மோதவிட்டு, அந்த மோதலில் எழும் கொந்தளிப்பைக் கொண்டு திரவங்களைக் கிழித்துக் கலக்கிறார்கள்.

வரலாற்றில் இது ஒரே நாளில் வந்ததல்ல. கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் கலிஸ் குழுவினரும் அவர்களோடு தொடர்புடைய நிறுவனங்களும், எத்தனாலையும் பிஎச் 4 தாங்கல் கரைசலையும் கொண்டு நியூக்ளிக் அமிலங்களை லிப்பிட்டுக்குள் அடைக்கும் வழியை 2000ஆம் ஆண்டையொட்டி வகுத்தார்கள். அதுவரை லிப்போசோம்களை (லிப்பிட்டால் ஆன நுண்பைகளை) சிறிதாக்க அவற்றை நுண்துளைச் சவ்வின் வழியே அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. பெரிய அளவுக்கு அது ஒத்துவராது. டி வடிவச் சந்திப்பில் இரு ஓட்டங்களைச் சேர்த்து, அந்த அழுத்தித் தள்ளும் படியே இல்லாமல் துகள் செய்யும் முறையை வான்கூவரின் புரோட்டிவா நிறுவனத்தார் 2005இல் வெளியிட்டார்கள். இதற்கிடையே, இத்துறையோடு நேரடித் தொடர்பில்லாமல், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஜான்சனும் ராபர்ட் புருதோமும் 2003இல் அடைத்த அறைக்குள் தாரைகள் மோதும் சிறு கலவியை, அதாவது கலக்கும் கருவியை, நீரில் கரையாத மருந்துகளுக்காக உருவாக்கியிருந்தார்கள். பின்னாளில் தடுப்பூசி ஆலைகளில் நின்றது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கருவிதான்.

மிச்சிகன் மாநிலம் கலமசூவில் உள்ள பைசர் ஆலை இந்தக் கலவியை எப்படிப் பயன்படுத்தியது என்பது அறிவுறுத்தும் பாடம். கலவியின் உட்பகுதி ஒரு நாணயத்தின் அளவே இருக்கும். உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்றதும் பெரிய கலவி ஒன்றைச் செய்யலாம் என்றுதான் முதலில் தோன்றும்; ஆனால் விட்டம் கூடும்போது பாய்வின் தன்மை மாறி, கலக்கும் நேரம் நீண்டுவிடும், துகளும் வேறாகிவிடும். எனவே அவர்கள் கலவியின் அளவைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். சுமார் 100 கலவிகளை இணையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சம அளவு திரவம் சம வேகத்தில் போகும்படி கணினியால் கட்டுப்படுத்தினார்கள். ஆய்வக மேசையில் நிமிடத்துக்கு 12 மில்லிலிட்டர் ஓடவிட்டு வேலை செய்தவர்களுக்கு இது எளிய பெருக்கல் போலத் தோன்றலாம். அப்படி அல்ல. நூறு கலவிகளில் ஒன்றில் மட்டும் எத்தனால் பக்கத்துப் பாய்வு சற்றுக் குறைந்தாலும் அதன் வழியே வரும் துகள்கள் வேறு விகிதத்தில் உருவாகி மற்றவற்றோடு கலந்துவிடும். பிறகு பிரித்தெடுக்க வழியே கிடையாது. ஆகவே பம்புகளின் துடிப்பின்மையும் பாய்வு அளவிகளின் துல்லியமும் இங்கே கலவியைவிட முக்கியமாகிவிடுகின்றன.

கலவியின் வெளிவாயில் வரும் திரவத்தைக் கண்ணால் பார்ப்பது நல்ல பழக்கம். நல்ல துகள்கள் உள்ள திரவம் ஏறத்தாழத் தெளிவாக, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய நீலச் சாயலோடு பளபளக்கும். 80 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வரும் சாயல் அது. பால் போல வெளுத்து வந்தால் துகள்கள் பருத்துவிட்டன என்று கருவியில் அளப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். பம்புகள் முழு வேகத்தை எட்டும் வரை வெளிவரும் முதல் பகுதி எப்போதும் சற்று வெளுத்தே இருக்கும். அதைத் தனியே பிடித்துக் கழித்துவிட வேண்டும். சிறு தொகுதிகளில் இந்தக் கழிவே ஆர்என்ஏவில் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்பதால் சிலர் அதைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நான் சேர்க்கவே கூடாது என்பேன்.

இனி, பாடங்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகும் இடத்துக்கு வருகிறேன். கலவியை விட்டு வெளிவரும் திரவம் பிஎச் 4இல், சுமார் 25 சதவீத எத்தனாலோடு இருக்கிறது. நீர்ப்பகுதி மூன்று பங்கு, எத்தனால் ஒரு பங்கு என்று கலப்பதே வழக்கம். இந்த நிலையில் இருப்பது இறுதித் துகள் அல்ல. கலிஸ் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: பிஎச் 4இல் இருப்பவை சிறு சிறு லிப்பிட் குமிழ்கள், அவற்றின் நேர்மின்னேற்றம் ஒன்றையொன்று விலக்கி வைக்கிறது. பிஎச் உயர உயர அயனியாகும் லிப்பிட் மின்னேற்றத்தை இழக்கிறது, விலக்கம் குறைகிறது, குமிழ்கள் ஒன்றோடொன்று இணைகின்றன; நடுநிலையான லிப்பிட் எண்ணெய்த் துளி போல உட்கருவில் திரள்கிறது. பெக்-லிப்பிட் மேற்பரப்பை மூடி, போதும் என்ற இடத்தில் இந்த இணைதலை நிறுத்துகிறது. அதாவது, நாம் மருந்து என்று அழைக்கும் துகள் உருவாவது கலவிக்குள் மட்டுமல்ல. அதற்குப் பின் எத்தனாலை நீக்கிப் பிஎச்சை உயர்த்தும் அந்த நேரத்தில்தான் அது தன் இறுதி அளவையும் அமைப்பையும் அடைகிறது.

இதிலிருந்து பல விளைவுகள் பிறக்கின்றன. ஆய்வகத்தில் ஒரு மில்லிலிட்டர் திரவத்தைச் சவ்வுப் பைக்குள் இட்டு இரவு முழுவதும் தாங்கல் கரைசலில் மிதக்கவிடுகிறோம். பிஎச் மெதுவாக, ஒரே சீராக உயர்கிறது. ஆலையில் நூற்றுக்கணக்கான லிட்டர் திரவத்தைப் பைக்குள் இட முடியாது. தொடுகோட்டுப் பாய்வு வடிகட்டலைத்தான் பயன்படுத்த வேண்டும். கலவையின் முதல் லிட்டருக்கும் கடைசி லிட்டருக்கும் இடையே மணிக்கணக்கில் இடைவெளி விழலாம். முதல் லிட்டரில் உள்ள துகள்கள் அந்த நேரம் முழுவதும் எத்தனாலில் நின்று மெல்லப் பருத்துக்கொண்டே இருக்கும். ஒரே தொகுதிக்குள் வயது வேறுபட்ட துகள்கள் சேர்வது இப்படித்தான். அதனால்தான் கலவிக்கு அடுத்தே மூன்றாவது ஓட்டமாகத் தாங்கல் கரைசலைச் சேர்த்து, எத்தனாலை உடனே நீர்க்கச் செய்கிறார்கள். இந்த நீர்த்தலின் அளவும், அதற்கு எடுத்துக்கொள்ளும் விநாடிகளும், அதில் பயன்படும் தாங்கல் கரைசலின் பிஎச்சும் துகளின் அளவை மாற்றக்கூடியவை. ஆய்வகத்தில் நன்றாக வந்தது பெரிய அளவில் கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது கலவியைப் பற்றி அல்ல, கலந்த பிறகு திரவம் எவ்வளவு நேரம் நின்றது என்பதைத்தான்.

தொடுகோட்டுப் பாய்வு வடிகட்டலில், நுண்துளைச் சவ்வுக்கு இணையாகத் திரவம் திரும்பத் திரும்ப ஓடுகிறது; எத்தனாலும் பழைய தாங்கல் கரைசலும் சவ்வின் வழியே வெளியேற, புதிய தாங்கல் கரைசல் அதே அளவில் உள்ளே வருகிறது. இங்கே இரண்டு ஆபத்துகள். சவ்வை ஒட்டிய படலத்தில் துகள்கள் நெருக்கமாகச் சேர்ந்து ஒட்டிக்கொள்ளலாம். பம்பு வழியே பலமுறை சுற்றிவருவதால் வரும் உராய்வு விசையும் காற்றுக் குமிழ்களும் துகள்களைச் சிதைக்கலாம். அழுத்தத்தைக் குறைத்தால் நேரம் நீள்கிறது. கூட்டினால் படலம் தடிக்கிறது. நேரத்தை மிச்சப்படுத்த முதலிலேயே செறிவாக்கிவிட்டுப் பிறகு எத்தனாலை நீக்குவோரும் உண்டு. எத்தனால் மிகுந்திருக்கும்போது துகளின் மேற்பரப்பு இளகிய நிலையில் இருப்பதால், எத்தனாலைப் பெருமளவு வெளியேற்றிவிட்டுக் கடைசியில் செறிவாக்குவதே பாதுகாப்பானது என்பது என் பரிந்துரை. நேரம் கூடினாலும் பரவாயில்லை.

அடுத்தது நுண்ணுயிர் நீக்கம். வெப்பத்தாலோ கதிர்வீச்சாலோ இந்த மருந்தைத் தூய்மைப்படுத்த முடியாது; ஆர்என்ஏ முறிந்துவிடும். 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டி ஒன்றே வழி. துகள் 80 நானோமீட்டர், துளை 200 நானோமீட்டர் என்பதால் எளிதாகப் போய்விடும் என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் சராசரி அளவும் அளவுப் பரவல் எண்ணும் நன்றாக இருக்கும் தொகுதியிலும், மிகச் சிறு பங்காக உள்ள பெரிய திரள்கள் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போகும். வடிகட்டிக்கு முன்னுள்ள அழுத்தமானியின் முள் முதலில் அசையாமல் நின்று, பாதித் தொகுதி கடந்த பிறகு மெல்ல ஏறத் தொடங்கும். அப்போது செய்வதற்கு அதிகம் இல்லை. பல நாள் உழைப்பும் விலை மதிப்புள்ள ஆர்என்ஏவும் அந்த வடிகட்டியின் முன்னால் நின்றுவிடும். ஆகவே வடிகட்டலைக் கடைசிச் சடங்காகக் கருதாமல், வாய்பாட்டை முடிவுசெய்யும் கட்டத்திலேயே சிறு வடிகட்டியில் சோதித்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு திரவம் போகிறது என்று அளந்துவிட வேண்டும்.

உறையவைப்பதும் தயாரிப்பின் ஒரு படிதான். நீர் பனிக்கட்டியாகும்போது துகள்களும் உப்புகளும் எஞ்சிய சிறு நீர்ப்பகுதிக்குள் நெருக்கித் தள்ளப்படுகின்றன; துகள்கள் இணைந்துவிடாமல் காக்கவே சுக்ரோஸ் சேர்க்கப்படுகிறது. எந்தத் தாங்கல் கரைசல் என்பதும் முக்கியம். சோடியம் பாஸ்பேட் உறையும்போது அதன் ஒரு பகுதி முதலில் படிகமாகி, மீதியின் பிஎச்சைக் கீழே இறக்கிவிடும். பைசர்–பயோஎன்டெக் தடுப்பூசியின் முதல் வடிவம் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் இருந்தது. உறைநிலைக்குக் கீழே 60 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரையிலான கடுங்குளிரில் வைக்க வேண்டியிருந்தது. 2021 இறுதியில் வந்த வடிவத்தில் பாஸ்பேட்டுக்குப் பதில் டிரிஸ் தாங்கல் கரைசல் இடம்பெற்றது. சாதாரணக் குளிர்பதனப் பெட்டியில் அதை 10 வாரம் வைக்கலாம், முந்தையதை ஒரு மாதம்தான் வைக்க முடியும். அதே ஆர்என்ஏ, அதே நான்கு லிப்பிட்டுகள். மாறியது கரைசல் மட்டும். புணேயின் ஜென்னோவா நிறுவனம் ஒமைக்ரானுக்காக 2023 ஜூனில் கொண்டுவந்த எம்ஆர்என்ஏ தடுப்பூசி, 2 முதல் 8 டிகிரியில் வைக்கத்தக்கதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெயில் கொளுத்தும் ஊர்களில் கடுங்குளிர்ப் பெட்டிகளை நம்பி மருந்து கொடுக்க முடியாது என்பதால் இது என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான திசை. குப்பியைக் குலுக்கக் கூடாது, மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்று செவிலியருக்குச் சொல்லப்படும் அறிவுரையும் இங்கிருந்தே வருகிறது. குலுக்கும்போது உண்டாகும் காற்று–நீர் எல்லையில் துகள்கள் குலைந்து ஒட்டிக்கொள்ளும்.

கலப்பதற்கு முன்னால் உள்ள பகுதியைக் கடைசியாக வைத்தேன், ஏனெனில் 2021இன் தட்டுப்பாட்டுக்கு மிகப் பெரிய காரணங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. பைசர்–பயோஎன்டெக் தடுப்பூசியின் ஒரு டோஸில் 30 மைக்ரோகிராம் எம்ஆர்என்ஏ உள்ளது, லிப்பிட்டுகளோ 0.43 மில்லிகிராம் ஏஎல்சி-0315, 0.2 மில்லிகிராம் கொலஸ்டிரால், 0.09 மில்லிகிராம் டிஎஸ்பிசி, 0.05 மில்லிகிராம் பெக்-லிப்பிட் என மொத்தம் 0.77 மில்லிகிராம். எடையில் ஆர்என்ஏவைப் போல 25 மடங்குக்கு மேல். 100 கோடி டோஸுக்கு 30 கிலோ எம்ஆர்என்ஏவும் 430 கிலோ ஏஎல்சி-0315உம் வேண்டும். இதற்கு முன் இந்த லிப்பிட்டுகள் ஆய்வுகளுக்காகவும் அரிய நோய் மருந்துக்காகவும் சிறு அளவில் மட்டுமே செய்யப்பட்டு வந்தன. பல படிகளில் தொகுத்து, கலவையின் கூறுகளைப் பிரிக்கும் நிறப்பிரிகையால் (குரோமட்டோகிராபி) தூய்மைப்படுத்தி, மருந்துத் தரத்துக்குக் கொண்டுவர வேண்டிய ஒரு மூலக்கூறைச் சில மாதங்களில் நூற்றுக்கணக்கான கிலோவுக்கு உயர்த்துவது சாதாரண வேலை அல்ல. 2021 பிப்ரவரியில் ஜெர்மனியின் மெர்க், எவோனிக் ஆகிய நிறுவனங்கள் பயோஎன்டெக்குக்கு லிப்பிட் வழங்க உற்பத்தியை விரைவுபடுத்துவதாக அறிவித்தது இந்த நெருக்கடியில்தான்.

தூய்மை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மாடர்னா ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கண்டுபிடிப்பைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. அயனியாகும் லிப்பிட்டின் அமீன் பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்தால் என்-ஆக்சைடு உருவாகும்; அது சிதைந்து ஆல்டிஹைடுகளைத் தரும்; அந்த ஆல்டிஹைடு எம்ஆர்என்ஏவின் காரங்களோடு சகபிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய எம்ஆர்என்ஏவைச் செல்லால் புரதமாக மொழிபெயர்க்க முடியாது. கவலைக்குரியது என்னவென்றால், சங்கிலி முறியாமல் முழு நீளத்தில் இருப்பதால், நீளத்தை மட்டும் அளக்கும் தந்துகி மின்புல நகர்ச்சிச் சோதனையில் அந்த ஆர்என்ஏ ஆரோக்கியமாகவே தெரியும். தலைகீழ் நிலை அயனி இணைத் திரவ நிறப்பிரிகையில்தான் அவர்கள் அதைக் கண்டார்கள். 21 இணைகள் அளவே உள்ள எஸ்ஐஆர்என்ஏவில் இத்தகைய மாற்றத்துக்கு வாய்ப்புக் குறைவு. பைசர்–பயோஎன்டெக் தடுப்பூசியின் எம்ஆர்என்ஏ 4,284 நியூக்ளியோடைடு நீளமுள்ளது. அதில் எங்கே ஓர் இடத்தில் பாதிப்பு நேர்ந்தாலும் முழுச் சங்கிலியும் வீண். ஆகவே 99 சதவீதத் தூய்மை என்று சான்றிதழில் இருப்பதைக் கண்டு நிறைவடையாமல், மீதி ஒரு சதவீதம் எது என்று கேட்க வேண்டும்.

சோதனைகளைப் பற்றியும் சில வார்த்தைகள். ஆர்என்ஏ எவ்வளவு அடைபட்டது என்பதை ரைபோகிரீன் என்ற ஒளிரும் சாயத்தால் அளக்கிறோம்: சாயம் துகளுக்கு வெளியே உள்ள ஆர்என்ஏவோடு மட்டும் சேர்ந்து ஒளிரும், பிறகு டிரைட்டான் சோப்பால் துகளை உடைத்து மீண்டும் அளந்தால் மொத்த ஆர்என்ஏ தெரியும். 95 சதவீதம் அடைபட்டது என்று இதில் வந்தால், 95 சதவீதத் துகள்களில் ஆர்என்ஏ இருக்கிறது என்று பலர் பொருள்கொள்கிறார்கள். அது தவறு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2022இல் துகள்களை ஒவ்வொன்றாக அளந்தபோது, எம்சி3 கொண்ட ஒரு வழக்கமான வாய்பாட்டில், தயாரிப்பு நிலைமையைப் பொறுத்து 40 முதல் 80 சதவீதத் துகள்கள் ஆர்என்ஏவே இல்லாத வெற்றுத் துகள்களாக இருந்தன. நிரம்பியவற்றில் பெரும்பாலும் இரண்டு எம்ஆர்என்ஏக்கள் இருந்தன. வெற்றுத் துகளும் உடலுக்குள் லிப்பிட்டைக் கொண்டுபோகிறது. அது பயன் தருவதில்லை, பக்கவிளைவுக்கு மட்டும் பங்களிக்கக்கூடும்.

ஆலை அமைப்பு, காப்புரிமை இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கான லிட்டர் எத்தனாலைக் கையாளும் அறை தீப்பொறி எழாத மின்கருவிகளோடும் அதற்குரிய காற்றோட்டத்தோடும் கட்டப்பட்டிருக்க வேண்டும்; நீர்க்கரைசல்களுக்காகவே கட்டப்பட்ட சாதாரணத் தடுப்பூசி ஆலைகளில் அது இருக்காது. வான்கூவர் காலத்திலிருந்து வரும் காப்புரிமைகள் குறித்த வழக்குகளும் புதிதாக நுழைய நினைத்தவர்களைத் தயங்க வைத்தன.

மறுமுனையில் ஒரு எடுத்துக்காட்டு. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில், யூரியா சுழற்சியின் ஒரு நொதி இல்லாமல் பிறந்த குழந்தைக்காக, அந்தக் குழந்தையின் மரபணுப் பிழையை மட்டுமே திருத்தும் மருந்தை ஆறு மாதத்துக்குள் செய்து, 2025 பிப்ரவரியில் முதல் டோஸைக் கொடுத்தார்கள். திருத்தியை உருவாக்கும் எம்ஆர்என்ஏவும் வழிகாட்டி ஆர்என்ஏவும் லிப்பிட் நானோ துகளில்தான் கல்லீரலுக்குச் சென்றன. துகள்கள் இரத்தத்தில் ஏபோஇ புரதத்தைப் போர்த்திக்கொண்டு கல்லீரல் செல்களுக்குள் இயல்பாகவே நுழைவதால் இந்தத் தேர்வு பொருத்தமானது. இங்கே நூறு கலவிகள் தேவையில்லை, ஒன்று போதும். ஆனால் ஒரே ஒரு நோயாளிக்கான தொகுதிக்கும் அளவு, அடைபட்ட பங்கு, எஞ்சிய எத்தனால், நுண்ணுயிரின்மை என எல்லாச் சோதனைகளும் உண்டு; எடுத்துப் பரிசோதிக்கும் மாதிரியே தொகுதியில் பெரும்பங்கைத் தின்னும். அரிய நோயுள்ள குழந்தைகளுக்கு இந்த வழி திறந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதற்குச் சிறு தொகுதியிலேயே குறைந்த மாதிரியைக் கொண்டு தரத்தை உறுதிசெய்யும் முறைகளே இன்றைய அவசரத் தேவை.

கேட்ட மாணவர் தம் ஆய்வகத்தில் இதைச் செய்துபார்க்கப் போகிறார் என்றால் ஒரு சோதனையை வேண்டிக் கேட்டுக்கொள்வேன். ஒரே கலவையை எடுத்து நான்காகப் பிரியுங்கள்; ஒன்றை உடனே நீர்க்கச் செய்யுங்கள், மற்றவற்றைப் பத்து நிமிடம், ஒரு மணி, நான்கு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு நீர்க்கச் செய்யுங்கள். பிறகு நான்கையும் ஒரே தாங்கல் கரைசலுக்கு மாற்றி, அளவையும் அடைபட்ட பங்கையும் அளந்து, செல்களில் இட்டுப் புரதம் எவ்வளவு உருவாகிறது என்று பாருங்கள். அளவு ஒன்றுபோல இருந்து புரதம் மட்டும் வேறுபட்டால், அளவைக் காட்டும் ஒளிச்சிதறல் கருவியை நம்பி எடுக்கும் முடிவுகளை அதன்பின் நீங்களே மறுபரிசீலனை செய்வீர்கள். நான்கும் எல்லாவற்றிலும் ஒத்துவந்தால், பெரிய அளவுக்குப் போகும் தைரியம் தரக்கூடிய வாய்பாடு உங்கள் கையில் இருக்கிறது.